கவ்வாத்துக்குத் தப்பிய மலை

பச்சை இலை கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கிய வருடத்தில், ஆட்டுப்பாறை எஸ்டேட்டின் உச்சிக் குன்று இருபத்துமூவாயிரம் அடி வளர்ந்து உலகத்திலேயே உயரமான மலையாக ஆனது. அதற்கு முந்தைய வருடம் இலை எட்டு ரூபாய், குன்று ஆறாயிரத்து நானூறு அடி. அதற்கும் முந்தைய வருடம் இலை பதின்மூன்று ரூபாய் விற்றது, குன்று அப்போதும் ஆறாயிரத்து நானூறு அடிதான். ஆகவே விலை இறங்க இறங்கக் குன்று ஏறியது என்று வெளியூர்க்காரர்கள் சொன்னது சரியல்ல. காரணம் வேறு. லயத்து வரிசை வீடுகளில் இருந்த அறுபத்திரண்டு குடும்பங்களுக்கும் அது தெரியும்.

தேயிலை என்பது உள்ளபடிக்கு மரம். விட்டுவிட்டால் முப்பதடி போகும். நான்கு வருடத்துக்கு ஒரு முறை கவ்வாத்துக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வெட்டி, இடுப்புக்கு மேல் போகாமல் வைத்திருப்பதால்தான் அதைச் செடி என்கிறோம். ஆட்டுப்பாறையில் இந்த வேலையில் பழனியாண்டியை மிஞ்ச ஆள் கிடையாது. கண்டிச் சீமையிலிருந்து எழுபத்துநாலில் கப்பலேறி வந்தவர். குனிந்தவர் நிமிராமல் ஒரு நிரை முழுக்க வெட்டிக்கொண்டு போவார். அங்கேயும் இங்கேயுமாக நாற்பது வருடம் அப்படிக் குனிந்ததில் முதுகு அந்த வாக்கிலேயே நின்றுவிட்டது. தொண்ணூற்றாறில் நெஞ்சுவலியில் செத்தபோது நிமிர்த்திப் படுக்கவைக்க நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய கறுப்புக் கோட்டை மாட்டி, உச்சிக் குன்றில் புதைத்தார்கள். காற்று மோதி இலை தேறாத இடம் என்பதால் எஸ்டேட் தொடங்கிய நாளிலிருந்தே உச்சியை லயத்துச் சனங்களின் இடுகாட்டுக்கு விட்டிருந்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதைத்த மூன்றாம் நாள் தலைமாட்டில் ஒரு தேயிலை நாற்று வைப்பார்கள். தோட்டத்துச் செடிக்கு என்ன முறையோ அதே முறை அதற்கும். நான்காம் வருடம் செத்தவரின் வீட்டு ஆள் போய்க் கவ்வாத்து வெட்ட வேண்டும். செடி இடுப்புக்கு மேல் போனால் கீழே இருப்பவரால் படுத்திருக்க முடியாது, எழுந்து நின்றுவிடுவார் என்பது கணக்கு. யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. ஏனென்றால் யாரும் வெட்டாமல் விட்டதில்லை.

பழனியாண்டியின் செடிக்கு இரண்டாயிரமாம் வருடம் முறை. அந்த வருடம் பொங்கலுக்கு முன்னால் எஸ்டேட் ஆபீசைப் பூட்டி, துரை குன்னூர் வழியாக இறங்கிப் போய்விட்டார். ஃபாக்டரி நின்றது. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட ஆளில்லை. இருந்தும் முதல் இரண்டு வாரம் சனங்கள் காலையில் போய் வரிசையில் நின்றுவிட்டுத்தான் திரும்பினார்கள், கால் பழகிவிட்டதால். பழனியாண்டியின் மனைவி சின்னம்மை பிள்ளை இல்லாதவள். அவள் மூன்றாவது வாரம் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். கையில் சின்னக் கத்தரி, நாளெல்லாம் உட்கார்ந்த வேலை. செடிக்கு முறை வந்ததை அவள் மறந்துவிட்டாள். முப்பத்தொரு வருடம் கொழுந்தெடுத்தவள், கவ்வாத்து மாதத்தை மறந்தாள் என்றால் அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று தெரிந்துகொள்ளலாம்.

குன்று ஒரு நாளைக்கு அறுபதடி வீதம் வளர்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. முதலில் கவனித்தவள் தபித்தாள். அவள் புருஷன் நெல்சன் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவன். விறகுக்குப் போன தபித்தாள் நேற்றுப் பொறுக்கிய இடத்துக்கு இன்று போகக் கூடுதலாகக் கால்மணி நேரம் ஆகிறது என்றாள். வயசாகிறது என்று நெல்சன் சொன்னான். இரண்டு வாரத்தில் அவனே மூச்சு வாங்கினான். மார்ச்சில் மேல் டிவிஷன் தேயிலை மேகத்துக்குள் போனது. ஜூனில் உச்சி வெள்ளையானது. காலையில் மலையின் நிழல் மேற்கே விழுந்ததால் அருவங்காட்டில் பதினொரு மணிக்குத்தான் விடிந்தது. அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் காலை டிபனை விளக்குப் போட்டுச் சாப்பிட்டார்கள். மாலையில் நிழல் கிழக்கே இறங்கி, மேட்டுப்பாளையத்தில் மூன்று மணிக்கே கடைகளில் விளக்கேற்றினார்கள். அந்தப் பக்கம் அந்த வருடம் வாழைத்தார் பழுக்கவில்லை. காயாகவே விற்றார்கள், சிப்ஸுக்கு.

ஆவணி மாதம் சின்னம்மை திருவிழாவுக்கு ஊர் திரும்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கி மலையைப் பார்த்ததுமே கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தும் நெல்சன் சொன்னான்.

“ஏனுங்க்கா, உங்க ஊட்டுக்காரரு செடிய வெட்டாமயா போனீங்க?”

“மறந்துட்டேன் தம்பி.”

“மறந்துட்டீங்களா? அண்ணாந்து பாருங்க. மறக்கற சைசாங்க அது?”

மற்ற எல்லாருடைய செடியையும் ஆட்கள் வெட்டியிருந்தார்கள். எஸ்டேட் பூட்டியிருந்தாலும் இடுகாட்டு வேலையை யாரும் விடவில்லை. பழனியாண்டியின் செடி ஒன்றுதான் விடுபட்டது. மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டுச் சின்னம்மையை நிற்கவைத்துக் கேட்டார்கள். அவள் தன் தப்பு என்று ஒப்புக்கொண்டு, இப்போதே போய் வெட்டிவிடுகிறேன் என்றாள். மறுநாள் இரண்டு ஆண்களைத் துணைக்கு அனுப்பினார்கள். பதினாறாயிரம் அடியில் இருவருக்கும் மூக்கில் இரத்தம் வந்தது. ஒருவன் அங்கே தன் செத்துப்போன மாமியாரோடு பேசிக்கொண்டிருந்தான், அதுவும் சிரித்து. சின்னம்மை இருவரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக் கீழே கூட்டி வந்தாள். அதற்குள் மலை இன்னும் அறுநூறு அடி ஏறியிருந்தது.

அடுத்த வருடம் மாசியில், பனியில் செடி கருகி நின்றதால் மலையும் நின்றது. சர்வேக்காரர்கள் மூன்று முறை அளந்து இருபத்தொன்பதாயிரத்து நானூறு அடி என்று எழுதினார்கள். எவரெஸ்ட் இரண்டாவதானது. அதன் பிறகு உலகம் வந்து சேர ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வந்தவர்களில் இரண்டு வகை. ஒரு வகை பார்க்கிறவர்கள். கோயமுத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வேன் வைத்து வந்து, குரங்குக்குல்லாய் போட்டுக்கொண்டு, மலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேகம் மூடியிருந்தால் அடுத்த வாரம் வருவோம் என்று வறுத்த கடலை வாங்கிக்கொண்டு போனார்கள். மசினகுடியில் யானை காட்டிக்கொண்டிருந்த ஜீப்புகள் எல்லாம் இங்கே வந்து மலை காட்டின. இன்னொரு வகை ஏறுகிறவர்கள். இவர்கள் பல நாட்டுக்காரர்கள். பாட்டிலில் காற்றை அடைத்து முதுகில் கட்டிக்கொண்டு, நூறு நாள் சாப்பாட்டோடு வந்தார்கள். ஏன் ஏறுகிறீர்கள் என்று தபித்தாள் ஒருவரிடம் சைகையில் கேட்டாள். அவர் மலையைக் காட்டினார். அது இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். அவர் சொல்ல வந்தது என்னவென்று கடைசிவரை விளங்கவில்லை.

ஏறுகிறவர்களுக்குச் சுமை தூக்க ஆள் வேண்டியிருந்தது. சரிவில் ஐம்பது கிலோ இலைமூட்டையோடு இறங்கிப் பழகிய சனத்தைவிட அதற்கு யார் கிடைப்பார்கள்? லயத்து முகப்பில் நெல்சன் ஒரு தகரப் பலகை கட்டினான், ஆட்டுப்பாறை மலைச் சுமையாளர் சங்கம் என்று. பெரட்டுக்களத்தில் மறுபடியும் காலையில் பெயர் கூப்பிட்டார்கள், கூப்பிட்டவன் நெல்சன். பூட்டிய ஃபாக்டரியின் இலை வாட்டும் அறையில் நூறு கட்டில் போட்டு லாட்ஜ் ஆக்கினார்கள். தபித்தாள் டீக்கடை வைத்தாள். வெள்ளைக்காரர்கள் அவள் டீயைக் குடித்துவிட்டு இங்கே விளைந்ததா என்று கேட்டார்கள். அஸ்ஸாம் தூள் என்று அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். ஓவேலியிலிருந்தும் பூட்டிப்போன மற்ற தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். திருப்பூருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். லயத்துக் கூரைகளுக்குப் புதுத் தகரம் போட்டார்கள். ஒன்பது வருடமாகக் கல்யாணமாகாமல் இருந்த மூன்று பெண்களுக்கு ஒரே மாதத்தில் நடந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் சின்னம்மையை நிற்கவைத்தவர்கள் இப்போது அவளைப் பார்த்தால் வழிவிட்டு நின்றார்கள். அவள் மறந்ததும் ஒரு வகையில் நல்லதுக்குத்தான் என்று பேச்சு வந்தது. அவள் அப்போது லாட்ஜில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் முதல் ஆள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கினான். அவன் எடுத்த போட்டோ எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உச்சியில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு கம்பம், கம்பத்தில் கொடி. மரமும் கம்பமும் எப்படி அங்கே வந்தன என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதினார்கள். தபித்தாளின் கடையில் வடை மடிக்கக் கிழித்த காகிதத்தில் சின்னம்மை அந்தப் போட்டோவைப் பார்த்தாள். கம்பத்துக்குக் கறுப்புக் கோட்டு இருந்தது. கோட்டின் இடது கையில் அவள் போட்ட ஒட்டும் இருந்தது. காக்கித் துணி, வெள்ளை நூல்.

“தபித்தா, இது அவுங்க.”

தபித்தாள் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அண்ணனேதான். அட ஆண்டவரே, கொடியக் கட்டி வச்சிருக்கானுங்க பாரு. கேக்க ஆளில்லன்னு.”

“நிக்கிறாங்க தபித்தா. ஒரு வருசத்துக்கு மேல நிக்கிறாங்க.”

அதற்கப்புறம் ஏறினவர்கள் எல்லாரும் பழனியாண்டியின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தொப்பி வைத்தார். ஒருவர் தன் நாட்டுக் கொடியை அவர் கழுத்தில் சுற்றினார். ஐப்பசி முடிவதற்குள் அவர் உடம்பில் பதினெட்டுக் கொடிகள் இருந்தன. ஒவ்வொரு போட்டோவையும் சின்னம்மை வாங்கிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். கால் வீங்கிக்கொண்டு வந்தது.

அவள் நெல்சனிடம் போய், செடியை வெட்டப் போகிறேன் என்று சொன்னாள். ஒளித்துச் செய்ய அவளுக்குத் தெரியாது. நெல்சன் கெட்டவன் அல்ல. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினான்.

“அக்கா, நீங்க வெட்டுனா மல எறங்கிரும். எறங்குனா இவுங்க எல்லாம் போயிருவாங்க. அறுபத்திரண்டு ஊட்டு அடுப்புங்க. அவரு செத்தவருங்க. உசுரோட இருக்கறவங்களப் பாருங்க.”

“செத்தவருக்குப் படுக்கறத வுட்டா வேற என்ன இருக்கு தம்பி?”

“இன்னொரு பத்து வருசம் நிக்கட்டும். அதுக்குள்ள ஆளாளுக்கு ஒரு வழி பண்ணிக்குவாங்க. அப்புறம் நானே வந்து வெட்டறேனுங்க.”

“நாப்பது வருசம் அவுங்கள நிமிரவே வுடல. இப்ப உக்காரவும் வுட மாட்டேங்கிறீங்க. நல்லா இருக்குய்யா சங்கம்.”

அன்று மாலையே சங்கத்தில் கூடி, சின்னம்மையின் வீட்டுக்குள் போய்ப் பழனியாண்டியின் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்து ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். லயத்தில் வேறு யாரும் அவளுக்குக் கத்தி இரவல் தரக் கூடாது என்றும் முடிவானது. கத்தியை எடுத்தவர்களில் பழனியாண்டியிடம் வேலை பழகியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான்கு மாதம் இப்படிப் போனது. சின்னம்மை படுப்பதை விட்டாள். அவர் நிற்கும்போது தனக்கெதற்குப் பாய் என்று, சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கப் பழகினாள். நின்றபடியே சாப்பிட்டாள். தபித்தாள் எத்தனை முறை ஸ்டூலை இழுத்துப் போட்டாலும் உட்காரவில்லை. அவள் கால்களும் வீங்கின.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் தபித்தாள் கடையை அடுப்பெரிய விட்டுவிட்டு சங்க ஆபீசுக்குப் போனாள். நெல்சன் மூட்டை எண்ணப் போயிருந்தான். பீரோச் சாவி அவன் சட்டைப்பையில் இருக்கும், சட்டையைத் துவைக்கிறவள் அவள். கத்தியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து சின்னம்மையிடம் கொடுத்தாள்.

“எடுத்துட்டுப் போங்கக்கா. உங்களையும் சேத்து ரெண்டு பேரு நிக்கிறத என்னால பாக்க முடியல.”

“ஒன் புருசன் ஒன்ன வெட்டிப் போடுவான்டி.”

“அவரா? ஒரு கோழிய வெட்டச் சொன்னாலே ஜெபம் பண்ணிட்டு என்கிட்டக் குடுப்பாரு. நீங்க போங்க.”

சின்னம்மை இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றினாள். மேலே கம்பளி, காலில் ரப்பர் பூட்ஸ், தலைக்கயிற்றில் கொழுந்துக் கூடை. கூடைக்குள் கத்தி, ரொட்டி, வெற்றிலை, ஒரு போத்தல் சாயத்தண்ணி, பால் ஊற்றாத டீ. ஏறுகிறவர்கள் மேற்குப் பக்கம் கயிறு கட்டி ஏறினார்கள். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. தன் நிரையில் ஏறினாள். பதினாலாம் நம்பர் நிரை, இந்தத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து அவள் கொழுந்தெடுத்த வரிசை. மலை வளர்ந்தபோது நிரையும் இழுபட்டு நீண்டிருந்தது. முன்பு நாலடிக்கு ஒன்றாக இருந்த செடிகள் இப்போது ஆளுயரத்துக்கு மேல் மரமாகி, அரைமைல், முக்கால்மைல் தள்ளித் தள்ளி நின்றன. ஆனால் வரிசை மாறவில்லை. கவட்டை விட்ட செடிக்கு அடுத்து கறையான் அரித்தது, அதற்கடுத்து அவள் ஒரு முறை அட்டை கடித்து விழுந்த இடம். எந்தக் கல்லில் கால் வைக்கலாம், எது உருளும் என்று அவளுக்குத் தெரியும். உருளுகிற கல் முன்பு முழங்கால் அளவு இருந்தது, இப்போது வீட்டளவு. அவ்வளவுதான் வித்தியாசம். பனியில் செடி மூடியிருந்த இடத்தில் கையால் தோண்டிப் பார்த்து, தன் செடிதான் என்று தொட்டுத் தெரிந்துகொண்டு மேலே போனாள்.

பன்னிரண்டாம் நாள், இருபத்துநாலாயிரம் அடியில், நிரையும் கயிற்றுப் பாதையும் பக்கத்தில் வரும் இடத்தில் பாசங் என்பவர் கூடாரம் போட்டிருந்தார். இமயமலைக்காரர். அங்கே கூட்டம் குறைந்துபோனதால் இங்கே வேலைக்கு வந்தவர், ஒரு வருடத்தில் தமிழ் பேசக் கற்றிருந்தார். காற்றுப் பாட்டில் இல்லாமல் கொழுந்துக் கூடையோடு ஒரு பொம்பளை வருவதைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் வெந்நீர் வைத்தார். குடித்து முடித்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஸ்டவ்வை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“எங்க ஊர்ல மலை மேல யாரும் போக மாட்டாங்க அக்கா. அது வேற ஒருத்தர் வீடு. வெளிய ஆளு வந்து, காசு குடுத்து, மேல கூட்டிட்டுப் போ சொன்னாங்க. எங்க தாத்தா போனாரு. அப்பா போனாரு, வரல. நான் போறேன். ஆனா உள்ள போகும்போது மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போவேன்.”

“இது எங்க வீட்டு ஆளு அய்யா. நான் யார்கிட்ட மன்னிப்பு கேக்கணும்?”

“அவர்கிட்ட.”

அவள் தலையாட்டினாள். அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பாசங் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். மலை இறங்கினால் தனக்கும் வேலை போகும் என்று அவர் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குச் சின்னம்மை உச்சியில் ஏறினாள். காற்றில்லாத வெயில். பழனியாண்டி மரத்தடியில் நின்றிருந்தார். மீசையில் பனிக்கட்டி, உடம்பெல்லாம் கொடி. முதுகு மட்டும் நேராக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அதை நேராகப் பார்த்ததில்லை. இவ்வளவு உயரமான ஆளா என்று அவளுக்கு ஒரு நிமிடம் கூச்சமாக இருந்தது.

“மறந்துட்டேங்க,” என்றாள்.

“தெரியும்,” என்றார் பழனியாண்டி. “தோட்டம் பூட்டிட்டாங்களாம்ல. கொடி கட்ட வந்தவன் ஒருத்தன் பேசிக்கிட்டான். கால் கடுக்குது புள்ள.”

அவள் முதலில் கொடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்து, கல்லுக்கடியில் வைத்தாள். பிறகு படங்கை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தடியில் மண்டிபோட்டு, கத்தியை எடுத்தாள். குனிந்த இடத்திலிருந்து கீழே தெரிந்தது. மேகத்துக்குள் ஒரு ஓட்டை. அதன் வழியாக, இருபத்துமூவாயிரம் அடிக்குக் கீழே, லயத்துப் புதுத் தகரம் மின்னியது. அறுபத்திரண்டு வீட்டுப் புகையும் தனித்தனியாகத் தெரிந்தது. இவ்வளவு தூரத்திலும் தபித்தாள் கடைப் புகை எது என்று அவளால் சொல்ல முடிந்தது. ஈர விறகு போட்டு ஏமாற்றுகிறாள், கறுப்பாக வந்தது. கத்தி ஓங்கிய கை அப்படியே நின்றது.

வெகுநேரம் நின்றது. பழனியாண்டி குனிந்து பார்த்தார், அவரும் புகையைப் பார்த்தார்.

“முழுசா வெட்டாத,” என்றார். “மூச்சுக்கொப்பு ஒண்ணு வுடு.”

கவ்வாத்தில் அது ஒரு முறை. செடி மெலிந்திருந்தால் எல்லாக் கிளையையும் எடுக்காமல் ஒரே ஒரு கிளையை இலையோடு விட்டு வெட்டுவார்கள். செடி அதன் வழியாக மூச்சு விட்டுப் பிழைத்துக்கொள்ளும். புதுக் கொழுந்து வந்த பிறகு அந்தக் கொப்பையும் எடுத்துவிட வேண்டும். பழனியாண்டி தன் காலத்தில் ஒரு செடியையும் மூளியாக வெட்டிப் பட்டுப்போக விட்டவர் அல்ல. சின்னம்மை அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்ன சாய்வில் வெட்டினாள். “மேல தூக்கி வெட்டுற, எறக்கு,” என்று ஒரு முறை அதட்டினார். தெற்கே பார்த்த கிளை ஒன்றை விட்டாள். கடைசிக் கிளை விழுந்ததும் பழனியாண்டியின் முட்டி மடிந்தது. அவர் மெதுவாக, ஒரு கையைத் தரையில் ஊன்றி, உட்கார்ந்தார். படுக்க முடியவில்லை. முயன்று பார்த்தார். ஒரு கொப்பு அளவுக்கு முதுகு நின்றது. போதும் என்றார். சின்னம்மையும் நான்கைந்து மாதத்தில் முதல் முறையாக உட்கார்ந்தாள். வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் மென்றுகொண்டிருந்தபோது அவர்களுக்குக் கீழே மலை இறங்கத் தொடங்கியது.

மூன்று நாளில் ஒன்பதாயிரத்து நானூறு அடி இறங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. கூடாரங்கள் கூடாரங்களாகவே கீழே வந்தன. மலை இறங்கி இருபதாயிரம் அடியில் நின்றது. சின்னம்மை ஏறப் பத்தொன்பது நாள் ஆனது, இறங்க ஆறு நாள் போதுமாக இருந்தது.

அவள் வரும்போது சர்வேக்காரர்கள் அளந்து முடித்திருந்தார்கள். இருபதாயிரம் அடி என்பது சின்ன உயரம் அல்ல. ஆனால் உலகத்தில் அந்த உயரத்தில் நூற்றுக்கணக்கில் மலைகள் இருக்கின்றனவாம், பாதிக்குப் பெயரே கிடையாதாம். ஏறுகிறவர்கள் இரண்டு வாரத்தில் மூட்டை கட்டினார்கள். பார்க்கிறவர்கள் இன்னும் ஒரு மாதம் வந்தார்கள், பிறகு அவர்களும் மசினகுடிக்கு யானை பார்க்கப் போனார்கள். ஜீப்புகளும் போயின. பாசங் போகும்போது தபித்தாள் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, கையுறையைத் திருப்பி வாங்காமல் போனார். லாட்ஜ் மறுபடி பூட்டிய ஃபாக்டரியானது.

நெல்சன் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, வெட்டாம வுட்டிருந்தா மல இருந்திருக்கும். முழுசா வெட்டியிருந்தா, என்னைக்காவது தேயிலையாச்சும் இருந்திருக்கும். இது என்னங்க்கா வெட்டு?”

“அவுங்களுக்கு உக்கார வேண்டியிருந்துச்சு தம்பி. உங்க அடுப்பும் எரிய வேண்டியிருந்துச்சு. ரெண்டையும் பாத்தேன்.”

“ரெண்டையும் பாத்தீங்க,” என்றான் நெல்சன். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். லயமும் நிறுத்தியது.

அவன் சொன்னது நடந்தது. தேயிலை முக்கால்வாசியும் பனி படியும் உயரத்துக்கு மேலே நின்றது, பறிக்க முடியாது. வருடத்தில் நான்கு மாதம் லயத்திலேயே பனி விழுந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போயின. போகிறவர்கள் கூரைத் தகரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டார்கள். பச்சை இலை விலை பிறகு எட்டானது, பத்தானது, பதினெட்டுகூட ஆனது. ஆட்டுப்பாறைக்கு அதனால் ஆவது எதுவுமில்லை. நான்கு வீடுகள் மிஞ்சின. அதில் ஒன்று சின்னம்மையுடையது. ஒன்று நெல்சனுடையது. அவன் சங்கப் பலகையைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்திருந்தான்.

மூச்சுக்கொப்பை எடுக்க முடியவில்லை. புதுக் கொழுந்து வராமல் எடுத்தால் செடி பட்டுப்போகும், செடி பட்டுப்போனால் ஆள் என்ன ஆவார் என்று யாருக்கும் தெரியாது. மேலே பனியில் கொழுந்து வரவே இல்லை. சின்னம்மை ஒவ்வொரு வருடமும் பங்குனியில் தன் நிரையில் ஏறிப் பார்த்துவிட்டு வருகிறாள். போக ஏழு நாள், வர மூன்று நாள். குன்னூரில் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர்கள் காலையில் ஒரு முறை அந்தப் பக்கம் பார்ப்பார்கள். மலை தெரிந்தால் துணி காயும், தெரியாவிட்டால் காயாது. வரைபடத்தில் அதற்கு ஒரு நம்பர் போட்டிருக்கிறார்கள்.

போன பங்குனியில் அவள் இறங்கி வந்த மறுநாள் காலை, தபித்தாள் சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் காத்திருந்தாள். இரண்டு பேருக்கும் இப்போது கேத்திப் பக்கம் கேரட் கழுவுகிற வேலை. தண்ணீரில் நிற்கிற வேலை, விரலெல்லாம் வெடித்திருக்கும்.

“கொழுந்து வந்துச்சாக்கா?”

“இல்ல.”

“அண்ணன்?”

“உக்காந்திருக்காங்க.”

“ஏதாவது சொன்னாரா?”

“வெத்தல காரம் பத்தலன்னாங்க.”

“இந்தக் குளிருல அவருக்குக் காரம் வேற,” என்றாள் தபித்தாள். பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தில் இடம் கிடைக்காது என்று தெரிந்தே, கையை நீட்டி நிறுத்தினார்கள்.